எந்த ஆயில் ஊற்றலாம்? சொந்தமாகக் கட்டிய ஜெனரேட்டரில் அளந்து பார்த்தவை

சேலத்தில் ஜெனரேட்டர் வேலை பார்க்கிறவர்களிடம் வருஷம் முழுக்க வரும் கேள்வி ஒன்றுதான்: "ஏனுங்க, எந்த ஆயில் ஊத்தறதுங்க?" ஜவ்வரிசி மில்காரர் கேட்பார், தறிக்காரர் கேட்பார், ஏற்காட்டிலிருந்து இறங்கி வரும் எஸ்டேட் மேனேஜரும் கேட்பார். பதிலும் ஆளுக்கு ஒன்று. ஒருவர் கம்பெனி பெயரைச் சொல்வார், இன்னொருவர் விலை கூடின ஆயில்தான் நல்லது என்பார். பழைய மேஸ்திரிகள் "கெட்டியா இருக்கணும், அவ்வளவுதான்" என்று முடித்துவிடுவார்கள். காசு கொடுத்து வாங்குகிறவருக்குச் செவிவழிச் செய்தியைப் பதிலாகக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அளந்து பார்த்துச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். பட்டறையின் பின்கட்டில் நிற்கும் என் சொந்த ஜெனரேட்டரையே அதற்குப் பயன்படுத்திக்கொண்டேன்.

அது 2012 மின்வெட்டுக் காலத்தில் கட்டியது. சேலத்தில் அப்போது பல நாள் கரண்ட் இருக்கும் நேரத்தைவிட இல்லாத நேரம்தான் அதிகம். புது ஜெனரேட்டர் வாங்க வசதியில்லாத தறிக்காரர்கள் பழைய ஆயில் என்ஜினைத் தேடி அலைந்தார்கள். விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்த பிறகு கிணற்று மேட்டுக் கொட்டகைகளில் சும்மா கிடந்த என்ஜின்கள் வாழப்பாடி, ஆத்தூர் பக்கம் நிறைய கிடைத்தன. அதில் ஒன்றை நானும் வாங்கி வந்து பிரித்து, சிலிண்டருக்குள் இருக்கும் லைனர், பிஸ்டன் மாற்றி, கிராங்கை கிரைண்டிங் கொடுத்து, கரண்ட் உண்டாக்கும் 5 கேவிஏ ஆல்டர்நேட்டரை நேராகக் கப்ளிங் போட்டு சி சேனல் சட்டத்தில் உட்கார வைத்தேன். ஒற்றை சிலிண்டர், 5 எச்பி, போர் (சிலிண்டர் விட்டம்) 80 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 110 மி.மீ. ஆல்டர்நேட்டர் நாலு போல் என்பதால் 1500 ஆர்பிஎம் ஓடினால் 50 சைக்கிள் கரண்ட் வரும். குளிர்விக்க 200 லிட்டர் டிரம். சுடுநீர் தானாக மேலே ஏறி டிரம்முக்குப் போகும், ஆறின தண்ணீர் கீழ்க் குழாய் வழியாக என்ஜினுக்கு வரும். தனியாகப் பம்ப் கிடையாது.

கடையில் வாங்கும் பெட்டி ஜெனரேட்டரில் இந்த மாதிரி சோதனை செய்வது கஷ்டம். எல்லாம் உள்ளே அடைத்திருக்கும், கை நுழையாது. நாமே கட்டியதில் எங்கே வேண்டுமானாலும் துளை போடலாம். ஆயில் பிரஷருக்கு ஒரு கேஜ், டிப் ஸ்டிக் துளை வழியாக, என்ஜின் அடியில் ஆயில் தங்கும் சம்ப்புக்குள் இறங்கிச் சூட்டைக் காட்டும் ஒரு தெர்மோகப்பிள், டிரம் தண்ணீருக்கு ஒரு தெர்மாமீட்டர், ஓடிய மணிக்கணக்கைக் காட்டும் ஒரு மீட்டர். சோதனைக்கு முன்னால் பிஸ்டன் ரிங் செட்டைப் புதிதாகப் போட்டு, டீசலைப் பீச்சும் நாசிலைச் சரிபார்த்து வைத்துக்கொண்டேன்.

முதலில் கெட்டியாகப் பிடிக்க வேண்டியது லோடு, அதாவது ஜெனரேட்டர் தாங்கும் மின்சுமை. பட்டறை லைட், கிரைண்டர், வெல்டிங் என்று ஏறி இறங்கும் லோடில் எந்த ஆயிலையும் ஒப்பிட முடியாது. தண்ணீர் காய்ச்சும் ஹீட்டர் ராடு இரண்டு, ஒவ்வொன்றும் 1000 வாட், ஒரு பிளாஸ்டிக் டிரம் தண்ணீரில் முக்கி வைத்தேன். குண்டு பல்பை வைத்தால் வோல்டேஜ் மாறும்போது இழையின் ரெசிஸ்டன்ஸும் சேர்ந்து மாறும், ராடு அந்த அளவுக்கு அலைவதில்லை. இரண்டு ராடு என்பது இந்த என்ஜினுக்கு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு லோடு. லோடே இல்லாமல் மணிக்கணக்கில் ஓட்டுவது என்ஜினுக்கே கெடுதல்: லைனர் சுவர் கண்ணாடி மாதிரி மழுங்கி, ரிங் சரியாகப் பிடிக்காமல் போய்விடும்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ராடு ஓடும்போது டிரம் தண்ணீரில் விரல்கூட வைக்கக் கூடாது. சட்டத்துக்கு எர்த் கொடுக்காமல் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். வீட்டு லைனோடு எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டர் கரண்ட் வெளி லைனில் ஏறினால், கம்பத்தில் நிற்கும் லைன்மேன் உயிர் போய்விடும். மூடிய அறையில் ஓட்டுவதும் ஆகாது. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

லோடு சமமாக இருந்தாலும் வோல்டேஜ் ஆடும். 230 வோல்ட் 225 ஆக இறங்கினால், பார்வைக்கு அது ஒன்றுமில்லை. ஆனால் ராடு இழுக்கும் சக்தி வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அது நாலு சதவீதத்துக்கு மேல் குறைந்துவிடும். இரண்டு ஆயிலுக்கு நடுவில் டீசல் செலவில் வரக்கூடிய வித்தியாசம் ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு சதவீதம். வோல்டேஜ் ஆட்டமே அதை விழுங்கிவிடும். அதனால் "ஒரு மணிக்கு எத்தனை லிட்டர்" என்று பார்ப்பதை விட்டுவிட்டு, "ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிராம்" என்று பார்த்தேன். லைனில் ஒரு டிஜிட்டல் மீட்டர் போட்டால் போதும். சிவப்பு விளக்கு எத்தனை முறை மின்னினால் ஒரு யூனிட் என்று மீட்டரின் முகத்திலேயே அச்சடித்திருப்பார்கள். விளக்கு மின்னுவதை எண்ணினால் சின்ன அளவையும் துல்லியமாகப் பிடிக்கலாம்.

லிட்டரை விட்டுக் கிராமுக்குப் போனதற்கும் காரணம் உண்டு. டீசல் சூட்டில் விரியும். பத்து டிகிரி ஏறினால் கனஅளவு ஏறக்குறைய 0.8 சதவீதம் கூடும். சேலத்தில் ஏப்ரல் மாதம் காலை ஆறு மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும் பத்து டிகிரிக்கு மேல் வித்தியாசம் சாதாரணம். நாம் தேடும் வித்தியாசமே அந்த அளவுதான் என்னும்போது, அளவுக் குழாயில் மில்லி பார்ப்பது நம்மை ஏமாற்றிவிடும். எடை மாறாது. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் எலக்ட்ரானிக் தராசு வாங்கி வந்தேன். வெள்ளி நிறுக்கிற தராசு என்பதால் டீசல் கேனை அதன் மேல் வைத்தால் கிராமுக்குக் கீழேயும் காட்டும். கேனிலிருந்து போகும் டியூப் தராசை இழுக்காமல் தொளதொளவென்று தொங்க வேண்டும். நாசிலில் இருந்து திரும்பி வரும் ரிட்டர்ன் டீசலும் அதே கேனுக்குள்தான் விழ வேண்டும். இல்லாவிட்டால் எரியாத டீசலும் செலவுக் கணக்கில் ஏறிவிடும்.

ஆயில் மாற்றும் முறைதான் பொறுமையைச் சோதிக்கும். டிரெயின் பிளக்கைக் கழற்றிவிட்டால் பழைய ஆயில் முழுக்க வந்துவிடாது. ஃபில்டரிலும் துளைகளிலும் சம்ப்பின் மூலைகளிலும் தங்கும். அதனால் என்ஜின் சூடாக இருக்கும்போதே வடித்து, ஃபில்டரை மாற்றி, புது ஆயிலை ஊற்றிக் கொஞ்ச நேரம் ஓட்டி, அதையும் வடித்துவிட்டு, மறுபடி அதே ஆயிலை அளவாக ஊற்றிய பிறகுதான் சோதனை. செலவுதான், ஆனால் இதைச் செய்யாமல் எடுத்த கணக்குக்கு மதிப்பில்லை. ஒவ்வொரு முறையும் சம்ப் சூடும் டிரம் தண்ணீர் சூடும் ஒரே எண்ணுக்கு வந்த பிறகே எழுத ஆரம்பித்தேன்.

எந்த ஆயில் ஓடுகிறது என்பது எனக்கே தெரியக் கூடாது என்றும் வைத்துக்கொண்டேன். அக்கா மகன் நாலு ஆயிலையும் ஒரே மாதிரி வெள்ளைக் கேன்களில் ஊற்றி நம்பர் ஒட்டினான். எந்த நம்பர் எந்த ஆயில் என்ற சீட்டு அவன் பையில். "மாமா, மூணாம் நம்பர் ஊத்திட்டேன்" என்பான், நான் அளப்பேன். தெரிந்து அளந்தால் கை தானாகவே நமக்குப் பிடித்த பக்கம் ஸ்டாப் வாட்ச்சை அமுக்கும். இது யாருக்கும் நடக்கும்.

எடுத்துக்கொண்ட நாலும் இவை: ஒற்றை கிரேடு எஸ்ஏஇ 40, டீசல் என்ஜினுக்கான 20டபிள்யூ-40 சிஎஃப், 15டபிள்யூ-40 சிஐ-4, அப்புறம் பேரல்களிலிருந்து அளந்து விற்கும் லூஸ் ஆயில். கேனில் இருக்கும் எண்களைப் படிக்கத் தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீரும். 40 என்றால் 100 டிகிரி சூட்டில் ஆயிலின் கெட்டித்தன்மை 12.5 சென்டிஸ்டோக்கிலிருந்து (கெட்டித்தன்மையை அளக்கும் அலகு) 16.3க்குள் இருக்க வேண்டும் என்று அர்த்தம். அந்த இடைவெளி பெரிது. 12.6 இருப்பதும் 40தான், 16 இருப்பதும் 40தான். 15டபிள்யூவும் 20டபிள்யூவும் சூட்டில் ஒன்றாகவே இருக்கலாம், 15டபிள்யூ கொஞ்சம் கெட்டியாகக்கூட இருக்கலாம். முன்னால் உள்ள எண் குளிரில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைத்தான் சொல்கிறது. 15டபிள்யூவை மைனஸ் 20 டிகிரியிலும் 20டபிள்யூவை மைனஸ் 15 டிகிரியிலும் சோதிப்பார்கள். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில்கூட அந்தக் குளிர் எந்தக் காலத்திலும் வராது. சிஎஃப், சிஐ-4 என்பவை ஆயிலுக்குள் சேர்க்கும் மருந்தின் தரம். சிஎஃப் 1994இல் வந்தது, சிஐ-4 2002இல். புகைக்கரி அதிகம் சேரும் என்ஜின்களை மனதில் வைத்து வந்தது சிஐ-4. மலைக்கு இது ஏன் முக்கியம் என்று பின்னால் சொல்கிறேன்.

டீசல் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் நீட்ட ஒன்றுமில்லை. என்ஜின் நன்றாகச் சூடான பிறகு நாலு ஆயிலும் யூனிட்டுக்கு 360 கிராமை ஒட்டியே நின்றன. ஒரே ஆயிலை மறுபடி ஓட்டினாலே வரும் ஏற்ற இறக்கத்துக்குள் எல்லாம் அடங்கிவிட்டன. காலையில் ஆறின என்ஜினைக் கிளப்பிய முதல் அரை மணியில் மட்டும் 15டபிள்யூ-40 கொஞ்சம் சிக்கனம் காட்டியது. இத்தனை கவனமாக எடை போடும்போதே கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம், "இந்த ஆயில் மாத்தினதுல டீசல் பத்து பர்சன்ட் மிச்சம்" என்று ஒருவர் சொல்லும்போது எப்படி வந்திருக்கும்? லோடு மாறியிருக்கும், நாசில் மாற்றியிருப்பார், அல்லது டேங்கை நிரப்பிய அளவு மாறியிருக்கும்.

இதைவிட நன்றாகப் பேசிய சோதனை வேறு. செலவே இல்லாதது. என்ஜின் சூடானதும் லோடைக் கழற்றி, டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக்கை நிறுத்தும் பக்கம் இழுத்துப் பிடிக்க வேண்டும். வெடிப்பு நின்று, வேகம் 1000 ஆர்பிஎம்முக்குக் கீழே வந்ததும் டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கினால் வால்வு லேசாகத் திறந்து நிற்கும். சிலிண்டர் காற்றை அமுக்கும் வேலை இல்லை. இனி ஃபிளைவீலை நிறுத்தப் போவது உராய்வு மட்டும்தான். 'தட் தட்' சத்தம் அடங்கி 'புஸ் புஸ்' என்று காற்று மட்டும் வரும், அப்புறம் வீல் தன் கனத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். ஃபிளைவீலில் ஒட்டிய வெள்ளி ஸ்டிக்கரை, சுற்று வேகம் காட்டும் டேக்கோமீட்டரால் பார்த்துக்கொண்டே 800இலிருந்து 200 ஆர்பிஎம்முக்கு இறங்க எத்தனை விநாடி என்று எடுத்தேன். என் என்ஜினில் அது இருபது விநாடிக்கு முன்பின். டீசலை நிறுத்தாமல் லீவரைத் தூக்கி என்ஜினை நிறுத்தும் பழக்கம் சிலருக்கு உண்டு. அது வால்வைக் கெடுக்கும், அதைச் செய்யக் கூடாது.

சுற்றும் நேரம் கூடினால் உராய்வு குறைவு. ஆறின என்ஜினில் எஸ்ஏஇ 40க்கும் 15டபிள்யூ-40க்கும் மூன்று விநாடி வரை வித்தியாசம் தெரிந்தது. சூடான பிறகு அது ஒரு விநாடிக்குள் சுருங்கிவிட்டது. எண்களைப் பார்த்து எதிர்பார்த்ததும் அதுதான். ஆச்சரியம் மூணாம் நம்பரில் வந்தது. சூட்டில் எல்லாவற்றையும்விட அதிக நேரம் சுற்றியது அதுதான். சீட்டைப் பிரித்தால் லூஸ் ஆயில்! இதை மட்டும் ஒரு வீடியோ எடுத்துக் காட்டினால் லூஸ் ஆயில்தான் உசத்தி என்று யாரையும் நம்ப வைத்துவிடலாம். ஆனால் அதே நேரத்தில் பிரஷர் கேஜ் முள் மற்ற மூன்றுக்கும் நின்ற இடத்தைவிடத் தெளிவாகக் கீழே நின்றது. ஆயில் நீர்த்துப்போயிருக்கிறது, அதனால் இழுவை குறைவு, அதனால் வீல் அதிகம் சுற்றுகிறது. கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவே இருக்க வேண்டிய ஆயில் படலமும் அந்த அளவுக்கு மெலிந்திருக்கும். உராய்வு குறைவு என்பதை மட்டும் வைத்து ஆயிலுக்கு மார்க் போடக் கூடாது. சுற்று நேரத்தையும் சூட்டில் நிற்கும் பிரஷரையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

நாலு ஆயிலும் முடிந்த பிறகு முதல் ஆயிலுக்கே திரும்பி வந்து மறுபடி அளந்தேன். இதைப் பலர் விட்டுவிடுவார்கள். முதல் சுற்றில் வந்ததைவிட இப்போது நேரம் சற்றுக் கூடியிருந்தது. ஆயில் அதேதான், புது ரிங் லைனரோடு பழகி என்ஜின் இளகியிருந்தது. திரும்பி வராமல் இருந்திருந்தால், கடைசியாக ஓட்டிய ஆயிலுக்கு அந்த நல்ல பெயர் போயிருக்கும். புது ஆயில் ஊற்றியதும் என்ஜின் அலுங்காமல் ஓடுகிறது, சத்தம் குறைந்தது என்று யாராவது சொல்லும்போதெல்லாம் பழைய ஆயிலுக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்தார்களா என்று கேட்கத் தோன்றும்.

கெட்டித்தன்மையைத் தனியாகவும் பார்த்தேன். அடியில் ஒரே அளவுத் துளை போட்ட ஸ்டீல் டம்ளர், அதைச் சுற்றிச் சுடுநீர், ஆயில் வடிய எடுக்கும் நேரம். கையில் இருப்பதை வைத்துச் செய்த முறைதான், ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கப் போதும். சூட்டைப் பிடிக்கக் கொதிக்கும் தண்ணீரை நம்புகிறவர்கள் ஊரையும் கவனிக்க வேண்டும். சேலத்தில் தண்ணீர் 99 டிகிரியில் கொதிக்கும். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர் உயரம், அங்கே 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். நாலு டிகிரி குறைந்தால் ஆயில் கண்டிப்பாகக் கெட்டியாக இருக்கும். மலையில் வடித்த நேரத்தையும் கீழே வடித்த நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தப்பான முடிவுதான் வரும். தெர்மாமீட்டர் வைத்து இரண்டு இடத்திலும் 90 டிகிரியில் பார்ப்பது நல்லது.

மலை என்றதும் எனக்கு இந்த வேலையிலேயே மிக உபயோகமாகப் பட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் இதே மாதிரி என்ஜின் ஒன்று ஓடுகிறது. பழ சீசனில் கரண்ட் நின்றாலும் தோல் உரிக்கும் பல்ப்பர் மெஷின் நிற்கக் கூடாது, பறித்த பழத்தை அன்றைக்கே தோல் உரிக்காவிட்டால் புளித்துவிடும். ஒரே கேனிலிருந்து 15டபிள்யூ-40 ஆயிலை அங்கேயும் என் என்ஜினிலும் ஊற்றி, இரண்டும் ஒரே மணிக்கணக்கு ஓடிய பிறகு மை ஒற்றும் தாளில் ஒவ்வொரு சொட்டு விட்டுப் பார்த்தேன். ஆயில் தாளில் பரவும்போது கரியையும் சுமந்துகொண்டு பரவினால் மருந்து இன்னும் வேலை செய்கிறது என்று அர்த்தம். கரி நடுவிலேயே கறுப்பாகக் குவிந்து, வெளியே வெறும் எண்ணெய் வளையம் மட்டும் ஓடினால் கரியைத் தாங்கும் சக்தி தீர்ந்துவிட்டது. என் சொட்டு சாம்பல் நிறத்தில் ஒரே சீராகப் பரவியிருந்தது. மலைச் சொட்டின் நடுவில் கறுப்பு இறுக ஆரம்பித்திருந்தது.

ஆயில் ஒன்று, மணிக்கணக்கு ஒன்று. மாறியது காற்று. அந்த உயரத்தில் காற்றழுத்தம் சேலத்தைவிட ஏறக்குறைய 14 சதவீதம் குறைவு. பிஸ்டன் ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் அந்த அளவு காற்று குறைவாக வரும். பல்ப்பர் கேட்கும் சக்தி மாறாது, வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர் டீசலைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். காற்று போதாத டீசல் கரியாகிறது, அதில் ஒரு பங்கு லைனர் சுவர் வழியாக ஆயிலில் இறங்குகிறது. 100 மீட்டர் ஏறினால் ஒரு சதவீதம் சக்தி குறையும் என்பது பட்டறைக் கணக்கு. ஆகவே 5 எச்பி என்ஜினை ஏற்காட்டில் நாலேகால் எச்பி என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த மேனேஜரிடம் முதலில் ஆயிலை மாற்றச் சொல்லவில்லை. பல்ப்பர் ஓடும்போது அதே லைனில் இருந்த தண்ணீர் மோட்டாரைத் தனி நேரத்துக்கு மாற்றச் சொன்னேன். புகை உடனே வெளுத்தது. அதோடு சிஐ-4 ஆயிலையே வைத்துக்கொண்டு, கீழே ஓட்டும் மணிக்கணக்கில் முக்கால் பங்கிலேயே மாற்றிவிடச் சொன்னேன்.

குளிர் விஷயத்திலும் மலைக்குத் தனிக் கணக்கு. டிசம்பர் விடியலில் அங்கே என்ஜின் கொட்டகைக்குள் பன்னிரண்டு டிகிரி போல இருக்கும். ஒற்றை கிரேடு 40 அந்தக் குளிரில் வெல்லப்பாகு மாதிரி இறுகி நிற்கும், ஹேண்டில் அடிக்கிறவருக்குத் தோள் கழன்றுவிடும். 15டபிள்யூ-40இல் அதே ஆள் சுலபமாகச் சுற்றிவிடுகிறார். சேலம் வெயிலில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. அங்கே இன்னொரு தொல்லை பனிமூட்ட ஈரம். பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தி, மறுபடி பத்து நிமிடம் ஓட்டினால் சம்ப் சூடேறாது. உள்ளே கோத்த நீர் ஆவியாகாமல் என்ஜின் தலையை மூடும் ராக்கர் கவருக்குள் பழுப்புக் களிம்பாக ஒட்டும். கிளப்பினால் லோடோடு அரை மணியாவது ஓட விட வேண்டும். சந்தேகம் இருந்தால் சூடான இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், தண்ணீர் கலந்த ஆயில் படபடவென்று பொரியும்.

தேய்மானம் பற்றி இந்த ஒற்றை என்ஜின் என்ன சொல்லும்? நேர்மையாகச் சொன்னால் கொஞ்சம்தான். ரிங்கைக் கழற்றி, தேயாத இடத்தில் லைனருக்குள் நேராக வைத்து, வாய் இடைவெளியை பீலர் கேஜால் (கனம் குறித்த மெல்லிய தகடுகள்) அளக்கலாம். ரிங்கின் முகம் ஆரத்தில் நூறில் ஒரு பங்கு மி.மீ. தேய்ந்தால் வாய் இடைவெளி அதைப்போல ஆறேகால் மடங்கு, அதாவது 0.06 மி.மீ. விரியும். மைக்ரோமீட்டர் காட்டத் திணறும் தேய்மானத்தை பீலர் கேஜ் காட்டிவிடும். பிக் எண்ட் பேரிங் ஷெல்லைப் பெட்ரோலில் கழுவி உலர்த்தி, கொலுசுக் கடைத் தராசுகளிலேயே மிக நுட்பமானதில் எடை போட்டும் பார்க்கலாம். ஆனால் இந்த ஆயிலுக்குத் தேய்மானம் இவ்வளவு, அந்த ஆயிலுக்கு அவ்வளவு என்று ஒரே என்ஜினில் மாற்றி மாற்றி ஊற்றிச் சொல்ல முடியாது. தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாக மருந்து உலோகத்தின் மேல் ஒரு படலமாகவே படிந்துவிடும். அடுத்த ஆயில் ஊற்றிய பிறகும் அது கொஞ்ச காலம் காப்பாற்றும். நல்ல ஆயில் வைத்த காப்பில் மட்டமான ஆயில் பேர் வாங்கிக்கொள்ளும்.

அந்தக் கேள்விக்கு லேப்புக்கு அனுப்புவதுதான் வழி. என்ஜின் சூடாக இருக்கும்போது, வடியும் ஆயிலில் முதல் ஓட்டத்தையும் கடைசியையும் விட்டு நடுவில் பிடித்து, சுத்தமான பாட்டிலில் கொடுக்க வேண்டும். இரும்பு கூடினால் லைனர், ரிங். செம்பும் ஈயமும் கூடினால் பேரிங். சிலிக்கான் கூடினால் தூசி, ஏர் கிளீனரைப் பார்க்க வேண்டும். ஒரு ரிப்போர்ட்டை மட்டும் வைத்து எதுவும் சொல்ல வேண்டாம், ஒரே என்ஜினில் அடுத்தடுத்து எடுத்த ரிப்போர்ட்டுகள் எந்தப் பக்கம் போகின்றன என்று பாருங்கள். எனக்கு வந்த ரிப்போர்ட்டுகளில் ஆயில் பிராண்டைவிட ஏர் கிளீனரின் நிலைதான் அதிகம் பேசியது. வெள்ளைக்கல் தூசி பறக்கும் பக்கத்தில் ஓடும் என்ஜினுக்கு எந்த விலையில் ஆயில் ஊற்றினாலும், கிளீனர் ஓட்டையாக இருந்தால் ரிங் நிற்காது.

இப்போது கடைக்கு வந்து கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பழைய தண்ணீர் கூலிங் ஆயில் என்ஜின், சேலத்தில் ஓடுகிறது என்றால், தெரிந்த கடையில் சீல் உடையாத 20டபிள்யூ-40 அல்லது 15டபிள்யூ-40 டீசல் ஆயில், எந்த நல்ல கம்பெனியாக இருந்தாலும் சரி. மலைக்கு 15டபிள்யூ-40 சிஐ-4, லோடைக் குறைத்து வையுங்கள், சீக்கிரம் மாற்றுங்கள். லூஸ் ஆயில் எங்கேயும் வேண்டாம். ஒருநாள் வரும் பேரல் நன்றாகவே இருக்கலாம், அடுத்த பேரல் எப்படி என்று யாருக்கும் தெரியாது. பைக்குக்கு வாங்கி மீந்த ஆயிலையும் டீசல் என்ஜினில் ஊற்றாதீர்கள், கரியைச் சமாளிக்க அதைச் செய்யவில்லை. 2020 ஏப்ரல் முதல் வரும் பிஎஸ்-6 டீசலில் கந்தகம் 10 பிபிஎம்தான் (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு), அதற்கு முந்தைய பிஎஸ்-4இல் 50. பழைய கந்தக டீசல் காலத்தில் அமிலத்துக்குப் பயந்து சொன்ன யோசனைகளை இப்போது அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை.

காலி கேனை முழுசாகப் பழைய இரும்புக் கடைக்குப் போடாமல் ஆணி அடித்து ஓட்டை போட்டுப் போடுங்கள், அதிலேயே மறுபடி நிரப்பி விற்கிற ஆட்கள் இருக்கிறார்கள். வடித்த ஆயிலை வேலிக் கம்பத்துக்குக் கரையான் மருந்தாகப் பூசுவதும் ஓடைப் பக்கம் கொட்டுவதும் மலையில் இன்னும் நடக்கிறது. கீழே ஒருவர் கிணற்றில் அது இறங்கும். பழைய ஆயில் எடுக்கும் லைசென்ஸ்காரரிடம் சேர்த்துக் கொடுக்கலாம், பட்டறைக்குக் கொண்டு வந்தால் நானே வாங்கி வைத்துக்கொள்கிறேன். ஆயில் மாற்றிய தேதி, மணி மீட்டரின் எண், ஊற்றிய கிரேடு மூன்றையும் ஒரு தகரத் துண்டில் எழுதி டிரெயின் பிளக் பக்கத்திலேயே கட்டிவிடுங்கள். எஸ்டேட்டில் ஆள் மாறினாலும் அடுத்து வருகிறவர் அதைப் பார்த்து வேலை செய்வார்.